பாறை வெடிப்பில் விட்டுவந்த நண்டு

என் நோயை முதலில் கண்டுபிடித்தது ஒரு பாறை. சம்மாந்துறைக்கு மேற்கே, வயல்வெளி முடியும் இடத்தில் அது நிற்கிறது. அடியிலிருந்து உச்சிவரை ஒரே வெடிப்பு. ஒரு கயிற்றின் நீளத்துக்குள் ஏறி முடித்துவிடலாம். அந்த வெள்ளிக்கிழமை காலை, வெடிப்பின் நடுப்பகுதியில் வலக் கையை நுழைத்தபோது, கல்லின் சொரசொரப்பு எனக்குத் தெரியவில்லை.

வெடிப்பு வழியே ஏறும்போது விரல்களால் பற்றிக்கொள்ள விளிம்பு எதுவும் இராது. கையைத் தட்டையாக உள்ளே விட்டுப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும். கை உப்பி இரு சுவர்களுக்கும் இடையில் இறுகும். அந்த இறுக்கத்தில் முழு உடலையும் தொங்கவிடலாம். வலிக்கும். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்தே கை சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று அறிகிறோம். அன்று வலிக்கவில்லை.

என் கணவர் நிஸார், கத்தாரில் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவர். எங்கள் ஊரான கல்முனைக்குத் திரும்பியபோது அந்தக் கயிறுகளோடு பாறை ஏறும் ஆசையையும் கொண்டுவந்தார். பாடசாலை நூலகரான நான், முப்பத்தெட்டு வயதில், கயிறு பிடித்து உதவ மட்டுமே போனேன். அடுத்த வெள்ளி நானும் ஏறினேன். அதன்பின் வாரத்தின் மற்ற ஆறு நாள்களும் வெள்ளிக்காகக் காத்திருப்பவையாகின.

எங்கள் முறை எளியது. பாறையில் ஆணி அடிப்பதில்லை. முதலில் ஏறும் நிஸார், வெடிப்பினுள் பிடிகருவிகளைப் பொருத்தி அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டு போவார். உச்சியில் அமர்ந்து அவர் கயிற்றைப் பிடிக்க, பின்னால் ஏறும் நான் அவற்றைக் கழற்றி வருவேன். கருவியின் விசையை இரு விரல்களால் இழுத்தால் அதன் உலோக இதழ்கள் சுருங்கும். விட்டால் விரிந்து கல்லைக் கவ்வும். எங்கள் வீட்டில் அதற்கு நண்டு என்று பெயர். வைத்த நண்டு ஒன்றையும் பாறையில் விட்டுவரக் கூடாது. அந்த ஒழுங்கில் அதுவரை நாங்கள் தவறியதே இல்லை.

அன்று மூன்றாவது நண்டின் விசையை இழுக்க என் விரல்களால் முடியவில்லை.

“என்ன, நண்டு கடிச்சிட்டா?” என்று மேலிருந்து கேட்டார் நிஸார்.

“கை சொல்லுக் கேக்குதில்ல.”

“பிளாஸ்டர இறுக்கிச் சுத்தியிருப்பீங்க. விட்டுட்டு வாங்க, அடுத்த கிழமை எடுப்பம்.”

கல்லில் உரசித் தோல் கிழியாதிருக்கப் புறங்கையில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். இருவருமே அதன்மீது பழியைப் போட்டோம். மறுநாள் கால்விரல்கள் மரத்தன. அதற்கு என் இறுக்கமான ஏறுகாலணியைக் குற்றம் சொன்னேன். பாறை ஏறுபவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. எங்களுக்கு மரத்துப்போதல் அவ்வளவு பழகிப்போன ஒன்று. இதை வாசிக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு வசதியான காரணம் கைவசம் இருக்கலாம். இரு கைகளிலும் இரு கால்களிலும் ஒன்றாக உணர்வு குறைந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை (எங்கள் பாடசாலைக்கு விடுமுறை வெள்ளியும் சனியும்தான்) பாடசாலைப் படிக்கட்டில் என் முழங்கால்கள் மடிந்தன.

வைத்தியசாலையில் சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார்கள், கால் அசையவில்லை. முதுகுத்தண்டு நீரை (முதுகெலும்புக்குள் நரம்புத் தண்டைச் சூழ்ந்திருக்கும் திரவத்தை) ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். கில்லன்-பாரே நோய் என்றார் நரம்பியல் வைத்தியர் (உடலின் சொந்தப் பாதுகாப்பே நரம்புகளைத் தாக்கும் நோய்). பெரும்பாலானோர் மீள்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

“எவ்வளவு காலம் எடுக்கும் டொக்டர்?”

“அத உங்கட நரம்புக்கிட்டத்தான் கேக்கணும். என்னட்ட அது சொல்றதில்ல.”

ஒரே மூச்சில் எத்தனைவரை எண்ண முடிகிறது என்று தினமும் கேட்டார்கள். மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று அறியும் வழி அது. முதல் நாள் இருபத்தெட்டு. மூன்றாம் நாள் பதினான்கு. இன்னும் குறைந்தால் இயந்திரம் பொருத்த வேண்டியிருக்கும் என்றார்கள். இம்யூனோகுளோபுலின் (பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள்கள் சொட்டுச் சொட்டாக ஏறியது. முகம் அறியாத எத்தனையோ பேர் அந்தப் போத்தலில் இருந்தார்கள். பதினான்கிலேயே நின்ற எண்ணிக்கை, ஆறாம் நாள் பதினாறானது. அந்த இரண்டு எண்கள் தந்த களிப்பை எந்தப் பாறையின் உச்சியும் அதுவரை எனக்குத் தந்ததில்லை.

கட்டிலருகில் இருந்த உம்மா, தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடியே என்னோடு சண்டை பிடித்தார்.

“வௌவாலுக்குத் தொங்கிறது தொழில். உனக்கு என்னத்துக்கு மகள்?”

“அதால வந்த நோய் இல்லயாம் உம்மா. டொக்டர் சொன்னாரே.”

“டொக்டருக்கு ஒன்ன இண்டைக்குத்தான் தெரியும்.”

இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் தசைகளைப் பழக்குபவர்) ஒரு மென்பந்தைத் தந்து அமுக்கச் சொன்னார். இரண்டு நாள்களில் அது சலித்துவிட்டது. வீட்டிலிருந்து ஒரு நண்டைக் கொண்டுவரும்படி நிஸாரிடம் கேட்டேன். அது வந்ததும் தாதி ஒருவர் புரட்டிப் பார்த்தார்.

“இது என்ன ராத்தா, மோட்டார் சைக்கிள் சாமானா?”

“ஓம், என்ட இஞ்சினுக்குத்தான்.”

அவர் சிரித்தார். விசை அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. ஏழாம் வாரம், வீட்டில், ஒரு முடியளவு அசைந்தது. சமையலறையிலிருந்த உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்து, “எங்க அசையிது?” என்றார்.

பாறையில் மூன்றாவது நண்டு அப்படியே இருந்தது.

“நாளைக்குப் போய் எடுத்து வாறன். மழையில துருப் புடிக்கும்” என்றார் நிஸார்.

“தொடாதீங்க. நான் விட்டது, நான்தான் எடுப்பன்.”

அவர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உணர்வு உடலின் நடுவிலிருந்து நுனிகளுக்குத் திரும்பி வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வர ஒரு மாரிகாலம் பிடித்தது. நோன்புப் பெருநாளுக்கு உள்ளங்கை வந்துசேர்ந்தது. சேலையின் சரிகை அன்று உள்ளங்கையில் குத்தியது. களைத்தால் உடனே நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வைத்தியர் ஏற அனுமதித்தார். நோய் வந்த பதினோராம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாறைக்குப் போனோம். உம்மாவும் தேநீர்ப் போத்தலோடு வேனில் ஏறிக்கொண்டார்.

அன்று நான் பிளாஸ்டர் சுற்றவில்லை. கையில் இருக்கும் உணர்வு முழுவதும் எனக்குத் தேவைப்பட்டது. நிஸார் முன்னால் ஏறி உச்சியில் அமர்ந்தார். கயிறு என் இடுப்பில் இறுகியது.

முதல் நண்டு கழன்றது. இரண்டாவதும் கழன்றது. பழைய நண்டின் கீழே இடக் கையை நுழைத்துப் பெருவிரலை மடக்கினேன். சுண்டுவிரல் எலும்பின்மேல் ஒரு பளிங்குப் பரல் அழுத்தியது. அதன் மூன்று முனைகளையும் என்னால் தனித்தனியே அறிய முடிந்தது.

வலக் கை விரல்களை விசையில் கோத்து இழுத்தேன். துரு விடவில்லை. இடக் கையில் தொங்கியபடி நண்டை இடமும் வலமும் ஆட்டி மீண்டும் இழுத்தேன்.

“களைச்சிட்டா? இறக்கட்டா?”

“கதைக்காதீங்க.”

நாலாம் இழுப்பில் இதழ்கள் கிறீச்சிட்டுச் சுருங்கின. நண்டு என் கைக்கு வந்தது. நான் போட்ட கூச்சலுக்குக் கீழே வயலிலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. எஞ்சிய தூரத்தை எப்படி ஏறினேன் என்பது சரியாக நினைவில்லை. உச்சியில் நிஸார் அந்த நண்டை வாங்கி, விசையைப் பலமுறை இழுத்துப் பார்த்தார்.

வலது காலின் இரு சிறு விரல்கள் இன்னும் வந்துசேரவில்லை. தினமும் காலையில் அவற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். முன்பு நான் வாரங்களை வெள்ளிகளால் எண்ணினேன். இப்போது விரல்களால் எண்ணுகிறேன். அவசரம் இல்லை.

அன்று கீழே இறங்கியதும் உம்மா என் கைகளைப் பிடித்துத் திருப்பினார். புறங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். எரிந்தது.

“வலிக்குதா மகள்?”

“ஓம் உம்மா. எல்லா இடத்திலயும் வலிக்குது.”

உம்மா ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். “இஞ்ச?” என்றார். “ஓம்.” “இஞ்ச?” “ஓம்.” பத்து விரலுக்கும் கேட்டுவிட்டுத்தான் கையை விட்டார்.