படகில் சாப்பிட்டது எந்தக் கணக்கில்?

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, தாசன் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு கேட்டான்: "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறியாபா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? கையில் நோட்டு இருந்ததே!

தாசன் என் பள்ளித் தோழன். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவன். நான்கு வருடமாகச் சர்க்கரை. ஆறு வாரத்தில் குறையாவிட்டால் மாத்திரை போதாது, இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புயலுக்குப் பயப்படாத மனுஷன், ஊசி என்றால் முகம் வெளுத்துவிடுவான். "தெனம் குத்திக்கணுமாம்பா. அதுவும் என்னிய நானே குத்திக்கணுமாம்!"

பொன்னேரியில் ஓர் உணவு ஆலோசகர் அச்சடித்த தாள் கொடுத்திருந்தார். காலையில் ஓட்ஸ். மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கப் காய். இரவு இரண்டு சப்பாத்தி. மீன், வாரம் இரண்டு முறை.

"ரெண்டு தபாவா? அப்ப மீதி அஞ்சு நாளு இன்னாத்தபா புடிக்கிறது?"

எனக்கும் சர்க்கரை உண்டு. சோதிக்கும் கருவியும் உண்டு. எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கமும் வராது. ஆகவே அவனுக்காக ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் மாலை வருவான். விரலை நீட்டுவான், கண்ணை மூடிக்கொள்வான். முந்தின இரவிலிருந்து சாப்பிட்டதை ஒப்பிப்பான். சப்பாத்தி, ஓட்ஸ், காய்... அச்சடித்த தாளே தோற்றது!

ஆனால் எண்கள்? ஒரு நாள் நூற்றைம்பது. மறுநாள் இருநூற்று எண்பது. பிறகு மறுபடி இறங்கும். மறுபடி ஏறும்.

அந்தச் செவ்வாயன்று அவன் மனைவி செல்வியும் கூட வந்திருந்தார். "நான் அளந்துதாண்ணா போடறேன். எம்பேர்ல சந்தேகமே வாணாம்" என்றார்.

நான் சிவப்பு மையில் வட்டம் போட்ட தேதிகளைப் படித்தேன். செல்வி விரல் விட்டு எண்ணினார். "அண்ணா... இதெல்லாம் எங்க பாடு நாளாச்சே!"

ஏரியில் நல்ல இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. முறை வைத்துத்தான் போவார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. முறை வந்த நாளில் தாசன் விடியலில் போனால் சாயங்காலம்தான் கரைக்கு வருவான். மற்ற நாட்களில் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பான். நோட்டைப் புரட்டினேன்; வட்டம் போட்ட நாட்களில் மதியச் சாப்பாடே இல்லை.

"ஏரியில என்னடா சாப்பிட்டே?"

"ஏரிலயா? ஒண்ணும் சாப்பிடலியேபா."

"விடிஞ்சதிலிருந்து பட்டினியா?"

"பட்டினி இன்னாத்துக்கு? படகுலயே சோறு பொங்கிடுவோம். வலையில வுழுந்ததுல நாலு மீனு, கொழம்பு. நாலு பேரு, ஒரே சட்டி."

"எவ்வளவு சோறு?"

"அத்த யாருபா அளந்தா? சட்டி காலியாவுற வரிக்கும்."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

என்னை அவன் பரிதாபமாகப் பார்த்தான். "நீ சாப்பாட்டத்தானபா கேட்ட? அது வேலபா!"

செல்வி எழுந்துவிட்டார். "அடப்பாவி மனுஷா! உனுக்குத் தொணையா நானும் மூணு வாரமா ஓட்ஸ துன்னுகினு கீறேன். நீ அங்க சட்டிய வழிக்கிறியா?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. வீட்டில், தட்டில், மனைவி போட்டால்தான் அவனுக்கு அது சாப்பாடு. தண்ணீரில் சாப்பிடுவது துடுப்புப் போடுவது மாதிரி.

அவன் போன பிறகு யோசித்தேன். சைவம், அசைவம் என்று மனிதர்களைப் பிரிக்கிறோமே... எதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று பார்த்துப் பிரித்தால் என்ன? டவுனில் இருக்கும் மரைக்காயர் நண்பருக்கு டீக்கடை சமோசா கணக்கில்லை, அது பேச்சுத்துணை. காட்டூர் விவசாயிக்கு வரப்பில் மென்ற வேர்க்கடலை கணக்கில்லை. எத்தனையோ வீட்டுப் பெண்களுக்குப் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது கணக்கில்லை. அது பாத்திரம் ஒழிப்பது.

இதைப் பெருமையாக என் மனைவியிடம் சொன்னேன். "தினம் டைரி எழுதறப்போ நாலு முறுக்கு உள்ளே போகுதே... அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?" என்றாள்.

பேச்சை மாற்றினேன்.

மறுநாளே தாசனின் நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். கரை, தண்ணீர். படகில் மீன் இஷ்டம்போல், சோறு இரண்டே கரண்டி என்று முடிவானது. கூட வரும் மூவரும் காவல். மூன்றாவது கரண்டிக்கு அவன் கை நீண்டால், "நோட்டு அண்ணனாண்ட சொல்லிடுவோம்!" என்று கத்துவார்களாம். ஏரிக்குள்ளும் எனக்கு ஒரு பெயர்!

நேற்று ரிசல்ட் வாங்கப் பொன்னேரிக்குப் போனோம். டாக்டர் தாளைப் பார்க்க, தாசன் கண்ணை மூடிக்கொண்டான். அங்கே அவன் விரலை யாரும் குத்தவில்லை, பாவம்.

"நல்லா குறைஞ்சிருக்கு. ஊசி வேண்டாம். இப்படியே இருங்க" என்றார்.

வெளியே வந்ததும் தாசன் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனான். ஸ்பெஷல் டீ, சர்க்கரை தூக்கலாக. கூடவே ஒரு க்ரீம் பன். நான் முறைத்தேன்.

"இன்னாபா பாக்குற? இது கரையும் இல்ல, தண்ணியும் இல்ல. ஆஸ்பத்திரி!"

அங்கேயே நின்று நோட்டில் இன்னொரு கோடு போட்டு, பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன்.