தனபால் அண்ணன் டைப் அடித்த பாட்டுகள்

பெரம்பலூரில் என் தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் மெல்லிசைக் குழுவில் தபேலா வாசிக்கும் முருகேசன் பேசினார். "அக்கா, தனபால் அண்ணன் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." கடையை அப்படியே பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

தனபால் அவர்கள் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். எங்கள் குழுவில் கீபோர்டு. பதினான்கு வருடங்கள் அவர் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறேன். சட்டையைக் கசங்கலாகவே போட்டுக்கொண்டு வருவார். வயர்களை மட்டும் அத்தனை நேர்த்தியாகச் சுற்றி வைப்பார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எனக்குத் தலையில் அடிபட்டது. உடம்பு தேறியது, குரலும் அப்படியே இருந்தது. பாட்டின் வார்த்தைகள்தான் நழுவிப் போயின. கல்லங்குறிச்சித் திருவிழாக் கச்சேரியில், எத்தனையோ முறை பாடிய பாட்டில் முதல் சரணத்திலேயே நின்றுவிட்டேன். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். இனிமேல் பாடுவதில்லை என்று குழுவில் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்த தனபால் அண்ணன், தையல் மிஷின் மேல் ஒரு டேப்லெட்டை வைத்தார்.

"தங்கச்சி, இதத் தொறந்து பாருங்க."

நான் பாடும் பாட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. வரிகள் பெரிய எழுத்தில். அவற்றின் தலைமேல் அவர் கீபோர்டில் வாசிக்க வேண்டிய சுரக்கூட்டுகள், அதாவது கார்ட்ஸ், சிவப்பில். நான் மூச்சு வாங்கும் இடங்களில்கூட இடைவெளி விட்டிருந்தார். எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கூச்சம் விடவில்லை.

"பாத்துப் பாடுனா ஜனங்க சிரிக்க மாட்டாங்களாண்ணே?"

"நான் கீபோர்டப் பாத்துத்தான வாசிக்கிறேன்? எவன் சிரிச்சான்?"

அடுத்த முகூர்த்தத்திலேயே மேடை ஏறினேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஸ்டாண்டில் டேப்லெட். வாசிப்புக்கு நடுவில் இடது கையை எடுத்துப் பக்கத்தைத் தள்ளிவிடுவார்.

ரஞ்சன்குடியில் ஒரு காதுகுத்து. சித்திரை வெயில் பந்தலின் ஓட்டை வழியாக நேரே டேப்லெட்டில் விழுந்தது. பல்லவி முடிந்ததும் அது சூடேறி அணைந்துவிட்டது. அண்ணன் வாசிப்பை நிறுத்தவில்லை. இடையிசையை இன்னொரு சுற்று வாசித்தபடியே என் பக்கம் சாய்ந்து, வரியின் முதல் சொல்லைச் சொன்னார். மிச்சம் எனக்கு வந்தது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று முழுப்பாட்டையும் அப்படியே கரை சேர்த்தார். கீழே யாருக்கும் தெரியவில்லை.

பந்தியில் கேட்டேன். "எல்லாப் பாட்டும் மனப்பாடமாண்ணே?"

"அத்தனையும் ஒத்த வெரலால டைப் அடிச்சது யாருங்கிறீங்க?" என்று சிரித்துவிட்டு ரசம் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் போயிற்று. இந்த ஆறு வருடமும் நான் பாடகியாகவே இருந்ததற்கு அவர்தான் காரணம்.

போன் வந்த அன்று அரியலூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றதும் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு மறதி வந்துடுச்சு, கார்ட்ஸெல்லாம் டேப்லெட்டப் பாத்துத்தான் வாசிக்கிறேன்னு சொல்லுவாரு. நீங்கதான் பக்கத்துல நின்னு அவரப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்க."

அங்கே நின்ற முருகேசனைப் புரியாமல் பார்த்தேன். "எல்லார்கிட்டயும் அப்படித்தான்க்கா சொல்லுவாரு. நெசத்தப் பத்தி வேற யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "மறந்தது அண்ணன் இல்லீங்க, நான்தான். எனக்காகத்தான் எல்லாம் செஞ்சாரு." அழுகைக்கு நடுவில் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "எங்கிட்டயுமா மறைச்சாரு..." என்று, கிடத்தியிருந்த அண்ணனின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

மாலை போட்ட வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். அங்கே இல்லாதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போயிட்டு வாங்கண்ணே.