குளிக்க உட்கார்ந்த யானை

இன்று புத்தகங்களுக்கு அட்டை போட மகள் மைதாப் பசை காய்ச்சினாள். அந்த வாசனை என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனது.

சிறுவனாக இருந்தபோது ஒரு சீசனுக்கு அங்கே வாடகை வீட்டில் தங்கியிருந்தோம். தடித்த தாளில் யானை வரைந்து, வெட்டி, வயிறு உப்பும்படி மடித்து, கால்களைக் குழலாகச் சுருட்டி ஒட்டினேன்.

“சாரல்ல இது நிக்காதுலே. காலையில நின்னா என் முந்திரிக்கொத்து ஒனக்கு” என்றாள் அக்கா.

விடிந்து பார்த்தால், ஈரத்தில் பசை காயாமல் நான்கு கால்களும் மடங்கிக் கிடந்தன. எனக்கு அழுகை முட்டியது.

அக்கா குனிந்து பார்த்தாள்.

“ஏலே, குத்தாலத்துக்கு வந்த யானை சும்மா நிக்குமா? எண்ணெய் தேச்சுக் குளிக்க உக்காந்திருக்கு!”

சிரித்தபடியே அந்த இனிப்பு முந்திரிக்கொத்தில் பாதியை என் வாயில் திணித்தாள்.

மீந்த பசையில் இன்று ஒரு யானை ஒட்டியிருக்கிறேன். வெளியே சாரல். யானை நிற்காவிட்டாலும் பரவாயில்லை.