சோதிலிங்கத்தின் எண்ணெய்க் கணக்கு

ஜெர்மனியின் ஹம் நகரில், ரயில் பாதைக்கு அப்பால் உள்ள பழைய வீடொன்றின் மேல்மாடி சோதிலிங்கத்துடையது. கீழ்வீடு இமெல்டாவுடையது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஜெர்மன்காரி. இரண்டு வீட்டையும் சூடாக்குவது நிலவறையிலிருக்கும் ஒரே கொதிகலன்தான். அதற்கு எண்ணெய் வாங்குவது ஒரு வருடம் அவர் பொறுப்பு, மறு வருடம் இவர் பொறுப்பு.

சோதிலிங்கம் கம்பித் தொழிற்சாலைத் தொழிலாளி. நாலு இடம் விசாரிக்காமல் எதையும் வாங்க மாட்டார். அவருடைய முறை வந்த வருடம் எண்ணெய் விலை எகிறிக் கிடந்தது. முந்திய குளிர்காலம் முழுதுக்கும் அரைத் தாங்கி எண்ணெய்தான் எரிந்திருந்தது; இப்போது தாங்கி அடிமட்டத்தில் கிடந்தது.

"இந்த முறையும் பாதி காணும். விலை இறங்க மிச்சத்தைப் பாப்பம்" என்றார் மனைவி தக்சாயினியிடம். முந்திய குளிர்காலத்தில் பனி ஒரு நாள்கூட நிலத்தில் தங்கவில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

தை பிறந்ததும் குளிர் இறுக்கியது. மைனஸ் பத்து, பகலிலும் ஏறவில்லை. ஒரு சனிக்கிழமை காலை தக்சாயினி குளியலறையிலிருந்து கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, தண்ணி சுடேல்லை. வீடு சூடாக்கிற ஹைசுங்கும் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

நிலவறைக்கு ஓடிப் பார்த்தார். தாங்கி காலி. எண்ணெய்க் கடைக்குப் போன் எடுத்தால், புதன்கிழமைக்கு முன்னால் ஏலாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

இமெல்டாவின் கதவைத் தட்டுவதற்குள் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"பாதிதான் வாங்கினீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் இமெல்டா.

"கேட்டிருக்க வேண்டும். பிழை என்னுடையதுதான்."

இமெல்டா கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு, "என் கூடத்தில் விறகு அடுப்பு இருக்கிறது. போர்வைகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் இறங்கி வாருங்கள். ஆனால் விறகு சுமப்பது நீங்கள்தான்" என்றார்.

எண்ணெய் வரும்வரை மூவரும் அந்த அடுப்பைச் சுற்றியே இருந்தார்கள். தக்சாயினி வைத்த மிளகு ரசத்தைக் குடித்து இமெல்டாவுக்கு மூக்கு ஒழுகியது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுப்படியில் சும்மா இருந்த நேரத்தில்தான் சோதிலிங்கத்துக்குக் கணக்குப் பிடிபட்டது. வீட்டுக்குள் இருபது பாகை வேண்டும். வெளியே ஐந்து பாகையானால் இடைவெளி பதினைந்து. வெளியே மைனஸ் பத்தானால் முப்பது. அதே வீட்டை அதே சூட்டில் வைத்திருக்க, ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு எண்ணெய் எரியும்.

"எவ்வளவு எரிந்தது என்று பார்த்தேனே தவிர, அப்போது எவ்வளவு குளிர்ந்தது என்று பார்க்கவில்லை" என்றார் இமெல்டாவிடம்.

"அடுத்த குளிர் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பழைய வருடங்களின் சராசரியைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிப் போடலாம்."

மறு வருடம் இமெல்டாவின் முறை. அவரே மேலே வந்து, சோதிலிங்கத்தோடு இருந்து, பழைய வெப்பநிலைகளைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து எண்ணெய்க்குச் சொன்னார். அந்தக் குளிர்காலமோ வெதுவெதுப்பாகவே கழிந்தது. வசந்தம் வந்தபோது தாங்கியில் நிறைய மிச்சம். சோதிலிங்கத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"தேவையில்லாமக் கூடுதலா வாங்கிப்போட்டம்."

"கிடக்கட்டுமப்பா" என்றார் தக்சாயினி. "அதென்ன பாலே, திரைஞ்சுபோக?"