மேல்நோக்கி விழுந்த கல்

மேல் எது, கீழ் எது என்று விவரமான ஆளிடம் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பைப்பண்ணன் அப்படிப் பார்க்க மாட்டார். முப்பத்து நான்கு வருஷம் அவர் சம்பளம் வாங்கியதே அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத்தான்.

அவருடைய அப்பா குழாய் வேலைக்காரர். மகனும் பிளாஸ்டிக் குழாயை மயிரிழை பிசகாமல் நேராக அறுப்பான் என்று கேள்விப்பட்டு, கடல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாய் என்று நினைத்துப் போனவருக்குச் சேறு அடைத்த குழாய்களைக் காட்டினார்கள். "இதுல அடைப்பு எடுக்கணுமா சார்?" என்று கேட்டாராம். இந்தக் கதையை வருஷத்துக்கு இரண்டு தடவை அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களும் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள்.

அது தெருச் சேறு இல்லை. துருவத்தில் பனியாறு நகர்ந்து வந்து கடலில் முடிகிற இடத்தில் கப்பலை நிறுத்தி, கடலடியைத் துளைத்து எடுத்தது. பனி அங்கே உட்கார்ந்திருந்த காலத்தில் பாறையை அரைத்துப் போட்ட சாம்பல் நிறக் களிமண்ணும் சரளையும் அதில் இருக்கும். பூமி சூடாகிப் பனி உடைந்து மிதந்தபோது, அது உருக உருக, உள்ளே சிக்கியிருந்த கற்கள் கடலடியில் விழுந்து புதைந்திருக்கும். பனி போய்த் திறந்த கடல் வந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத பாசிகள் செத்துப் படிந்து பச்சைச் சேறாகியிருக்கும். லட்சம் வருஷத்துக்கு முன்னால் பனி எப்போது போனது, எவ்வளவு வேகமாகப் போனது என்பதெல்லாம் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. படித்தவர்கள் அதைப் படிப்பார்கள். பைப்பண்ணனுக்கு அது புரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தினமும் கையில் தூக்குகிறவனுக்குப் புரியாமல் போகுமா?

குழாய் கப்பலின் மேல்தளத்துக்கு வந்ததும் மீட்டர் மீட்டராக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் மேல்முனையில் நீல மூடி, கீழ்முனையில் வெள்ளை மூடி. மேல்நோக்கி ஓர் அம்பு. அம்புக்குப் பக்கத்தில் எண். கரைக்கு வந்த பிறகு துண்டுகளை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் அதே அம்பைத் திரும்ப வரைவது பைப்பண்ணன் வேலை. அம்பு தப்பினால் முந்தியது பிந்தியதாகி, போனது வந்ததாகிவிடும். பைப்பண்ணன் போட்ட அம்பு தப்பாது என்று ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சொலவடையே உண்டாகியிருந்தது. யாராவது சத்தியம் செய்ய வேண்டுமென்றால்கூட, "பைப்பண்ணன் அம்பு மேல ஆணை" என்பார்கள்.

அந்த அம்புகளில் ஒன்று அவர் நெஞ்சில் தைத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாது.

குளிரறை கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நான்கு டிகிரி, ஜன்னல் கிடையாது. கூரை வரை இரும்புத் தட்டுகள், தட்டு முழுக்க நீள வாக்கில் பிளந்த அரைக்குழாய்கள். எல்லாவற்றிலும் அம்பு சுவரைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை உள்ளே போனபோது பதினேழாம் எண் குழாயின் அம்பு மட்டும் கதவைப் பார்த்துக் கிடந்தது. யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றி வைத்திருப்பார்கள் என்று திட்டிக்கொண்டே சரி செய்தார். அடுத்த மாதமும் அப்படியே கிடந்தது. சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். விரல் முட்டியால் உள்ளேயிருந்து தட்டுவது போல. சேறு காய்ந்து சுருங்கினால் பிளாஸ்டிக்கில் அப்படிச் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான குழாய்களில் பதினேழு மட்டும் ஏன் காய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அந்தத் தட்டைத் தாண்டும்போது அவர் நடை தானாக வேகமாகும். இரண்டொரு தடவை, "சும்மா இரு" என்று அதட்டியும் பார்த்தார். சத்தம் நின்றது. கேட்டுவிட்டதே என்று அவருக்கு மேலெல்லாம் சில்லிட்டது.

வீட்டில் அவர் மனைவி, "உங்க கையி என்ன, செத்தவங்க கையி மாதிரி இருக்கு" என்று சொல்லி, தேநீர் டம்ளரை அவர் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்துவாள். தூக்கத்தில் அவர் வலது கை எதையோ பிடித்துப் புரட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். கேட்டால் மழுப்புவார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது இருபத்தாறு வருஷமாகக் குறுகுறுத்தது. கப்பலுக்கு அவர் போனது ஒரே ஒரு பயணம். பதினேழாம் துண்டை அறுத்து, மூடி போடுவதற்குள் கப்பல் ஒரு ஆட்டம் ஆடியது. துண்டு கையிலிருந்து நழுவித் தளத்தில் உருண்டது. ஓடிப்போய் எடுத்தார். ஈரத்தில் இரண்டு முனையும் ஒன்று போலவே இருந்தன. துளைப்பு மேஸ்திரி, "அடுத்தது வந்துடுச்சுய்யா, என்ன வேடிக்கை?" என்று கத்தினார். எல்லோருக்கும் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு முனையில் நீல மூடியைப் போட்டு, அம்பை வரைந்தார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் கப்பலில் முதல் பயணம் வந்த பெண் ஒருத்தி இப்போது ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி. எல்லோருக்கும் டாக்டரம்மா. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே பதினேழாம் குழாய்தான். அதில் பச்சைச் சேறு கீழே, அதன்மேல் கற்கள், உச்சியில் பனி அரைத்த சாம்பல் மண் என்று இருந்தது. சூடான காலத்தின் நடுவிலேயே, போன பனி தானாகத் திரும்பி வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அந்த அம்மா அதைச் சொல்வார். "பயப்படாதீங்க பிள்ளைங்களா. ஒரு தடவை போன பனி திரும்பி வந்திருக்கு. அது சொன்ன பேச்சு கேக்கும், நாம ஒழுங்கா இருந்தா." பைப்பண்ணனின் மகளும் ஒரு வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டவள்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அப்பா, பனி திரும்பி வந்துடுமாம்" என்று குதித்தாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

ஓய்வு பெற ஒன்பது நாள் இருந்தபோது எக்ஸ்ரே மெஷின் வந்தது. சேற்றைக் கிளறாமலே உள்ளே புதைந்திருப்பதைக் காட்டும். அதை ஓட்டுவதற்கு, ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் கை கால் எலும்பெல்லாம் படம் எடுத்த ஒரு பெண்மணியை முந்தின வாரமே வேலைக்கு எடுத்து, பைப்பண்ணனோடு குளிரறைக்கு அனுப்பிப் பழக்கியிருந்தார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள். அடுத்த வாரம் வெளியூரில் பெரிய கூட்டம். டாக்டரம்மா அங்கே பதினேழைப் பற்றித்தான் பேசப் போகிறார். அதன் படம்தான் முதலில் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பைப்பண்ணன் குழாயைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். விளக்கு எரிந்து அணைந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் அடுக்குகள் தெரிந்தன, விரித்த புத்தகத்தின் ஓரம் போல. நடுவில், மேலே தெரியாமல் சேற்றுக்குள் புதைந்த ஒரு கல். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்.

"அண்ணே, பாருங்களேன்" என்றாள் அவள். "மூத்திரப்பைக் கல்லு மாதிரியே இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. மேலேயிருந்து ஒரு கல் மெத்தையில் விழுந்தால் மெத்தை கீழ்ப்பக்கம்தான் அமுங்கும். கடலடியிலும் அப்படித்தான். கல்லுக்குக் கீழே உள்ள அடுக்குகள் குழியும், பிறகு படிகிறவை கல்லின்மேல் போர்த்திக்கொள்ளும். திரையில் இருந்த கல்லுக்குக் கீழே அடுக்குகள் போர்வை போலச் சுற்றிக் கிடந்தன. கல்லுக்கு மேலே இருந்தவை மேல்பக்கமாகக் குழிந்திருந்தன. அந்தக் கல் கடலடியிலிருந்து வானத்தைப் பார்த்து விழுந்திருந்தது.

பாதிக்குப் பாதி என்று நினைத்துக்கொண்டிருந்த வாய்ப்பு அந்த நிமிஷத்தில் முடிந்துபோனது. அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, முகம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. இந்தக் குழாயில ஏதோ இருக்கு. நான் ஒரு பக்கம் வெச்சா அது மறுபக்கம் திரும்பிக்குது. பதினொரு வருஷமா."

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "அண்ணே, விளையாடறீங்களா? அது எங்க திரும்புது? நீங்கதானே திருப்பறீங்க."

"நானா?"

"போன வாரத்துல இருந்து மூணு தடவை பாத்துட்டேன். மத்த குழாயெல்லாம் எடுத்தபடியே வெக்கறீங்க. இதை மட்டும் தூக்கினதும் கையில ஒரு நிமிஷம் எடை பாக்கறீங்க, அப்புறம் ஒரு புரட்டு புரட்டி வெக்கறீங்க. இப்பக்கூட அப்படித்தான் மேஜையில வெச்சீங்க. அம்பு உங்களைப் பாத்து இருந்துச்சு, நான்தான் சரி பண்ணிப் படம் எடுத்தேன். ஏதோ முறை போலன்னு கேக்கல."

பைப்பண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். குழாயில் பேய் இருக்கிறது என்றிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார். குழாயைத் தூக்கி இரண்டு கையிலும் ஏந்தினார். வெள்ளை மூடிப் பக்கம் லேசாக இருந்தது. நீல மூடிப் பக்கம் கனத்தது. சரளையும் சாம்பல் மண்ணும் அங்கேதான் இருந்தன. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நழுவுவதற்கு முந்தின நொடியில், அந்தக் கனம் கீழ்முனையில் இருந்தது. கைக்குத் தெரிந்தே இருந்தது. வாய்தான் சொல்லவில்லை.

பேசாமல் விட்டுவிடலாம். ஒன்பது நாள். மாலையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு, நல்ல பெயரோடு வெளியே போகலாம். ஆனால் படம் இருக்கிறதே. இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு ஒருவன் கல்லைப் பார்ப்பான். அந்த அம்மா கூட்டத்தில் நின்று பேசும்போது பார்த்தால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? அவருக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை அது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாயையும் படத்தையும் எடுத்துக்கொண்டு படியேறினார்.

டாக்டரம்மா சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். பைப்பண்ணன் உட்காரவில்லை. கப்பல் ஆடியது, துண்டு உருண்டது, மேஸ்திரி கத்தியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "நான் போட்ட அம்பு தப்பும்மா. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

அந்த அம்மா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பினார். கல் சரியாக விழுந்தது.

"பேரு கெடக்கட்டும்ண்ணே" என்றார். "அப்போ அது திரும்பி வரவே இல்லையா?"

"இல்லம்மா."

"ஒரே தடவைதான் போயிருக்கு."

"ஆமாம்மா."

டாக்டரம்மா குழாயின் மேல் குனிந்து, சாம்பல் மண் முடிந்து கற்கள் தொடங்குகிற இடத்தை நகத்தால் தொட்டார். அங்கே ஒரு கோடு, தையல் நூல் கனம். "இதுக்குக் கீழ பனி. மலை மாதிரி, கிலோமீட்டர் கணக்குல. இதுக்கு மேல வெறும் கடல். இந்தக் கோட்டுல எத்தனை வருஷம் அடங்கியிருக்கும்னு நினைக்கறீங்க?"

"நான் என்னத்தைக் கண்டேன்?"

"கணக்கு போட்டுத்தான் சொல்லணும். ஆனா நூறு இருக்காதுண்ணே. நீங்க வேலைக்குச் சேந்து ரிட்டயர் ஆகற காலம், அவ்வளவுதான் இருக்கும்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எத்தனை பிள்ளைங்ககிட்ட போய்ச் சொன்னேன். போனது திரும்பி வரும்னு."

பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்களே போடுங்க."

பைப்பண்ணன் பழைய அம்பை அடித்தார். புதிய அம்பை வரைந்து, தேதி போட்டார். நீல மூடியையும் வெள்ளை மூடியையும் மாற்றினார். டாக்டரம்மா சூட்கேஸை மூடவில்லை. அதில் அடுக்கியிருந்த பேச்சுத் தாள்களை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கிழிக்க ஆரம்பித்தார்.

பைப்பண்ணன் கீழே குளிரறையில் பதினேழைத் தட்டில் வைத்தார். அம்பு சுவரைப் பார்த்திருந்தது. இந்தத் தடவை கை அதைப் புரட்டவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் காலை, குளிர்ச் சட்டையைக்கூட மாட்டாமல் நேராக அந்தத் தட்டுக்குப் போனார். வைத்தது வைத்தபடியே கிடந்தது. பதினொரு வருஷமாக அது திரும்பிக் கிடக்குமோ என்று பயந்தவர், திரும்பியிருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் ஏங்கினார்.