ஜூலையோடு நின்ற கோடு

என் அக்கா ராத்தாவோடு சேர்ந்து வரைபு கீறுவதைப் போல எரிச்சலான வேலை உலகத்திலேயே இல்லை என்று பதினொரு வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

குறிஞ்சிப்பிட்டிக்கு வந்துகொண்டிருந்த ஒரே காலை பஸ் மே மாதத்தோடு நின்றுவிட்டது. டவுன் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படித்த எங்களூர்ப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர். மாதம் எத்தனை நாள் அவர்கள் பள்ளிக்குப் போனார்கள் என்பதை வரைபாக்கி, பஸ்ஸைத் திரும்பக் கேட்டு ஊரில் நடக்கும் கூட்டத்துக்கு வரும் அதிகாரியிடம் காட்டவேண்டும். கணக்கு ராத்தாவுடையது. நிறப் பேனைகள் என்னுடையவை.

ஐந்து பேருக்கும் ஐந்து நிறம் கொடுத்து, ஓரமெல்லாம் பூப்போட்டேன்.

"என்னடி இது, இடியப்பம் மாதிரி? இதப் பாத்தா ஆருக்கு வெளங்கும்?"

அடுத்ததில் தூண்கள், தூண்களுக்கு நிழல். "எது ஒசரம் எண்டே தெரியல்ல. நெழல் என்னத்துக்கு?" மூன்றாவதில் பஸ் படம் பெரிதாகி, கோடுகள் மூலைக்குப் போய்விட்டன. மூன்று தாளும் அடுப்புக்குப் போயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். நால்வருக்கு மெல்லிய சாம்பல் கோடு, ஒருத்திக்கு மட்டும் தடித்த கறுப்பு. பூ இல்லை, பெயர்கூட இல்லை. சாம்பல் கோடுகள் இறங்கி இறங்கி நவம்பர்வரை போயின. கறுப்பு மட்டும் ஜூலையோடு அந்தரத்தில் நின்றது. என்னை இவ்வளவு குறை சொன்னவள் இதை மறந்துவிட்டாளே என்று, அடிமட்டக் கோலை வைத்து நானே நவம்பர்வரை நேராக இழுத்துவிட்டேன்.

கூட்டத்தில் தாளை விரித்ததும் அதிகாரி அந்தக் கோட்டில்தான் விரலை வைத்தார்.

"பஸ் இல்லாமலும் இந்தப் பிள்ளை ஒரே மாதிரி வருதுதானே?"

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல சேர், ஜூலையோட சரி. வேற பஸ் புடிக்க சந்திக்கு நடக்க வீட்டுல உடல்ல. படிப்ப நிப்பாட்டிட்டாங்க."

"யாரு அந்தப் பிள்ளை?"

"நான்தான் சேர்."

அவர் பேனையை மூடிவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா என் கோட்டின்மேல் ஜூலையிலிருந்து குறுக்கும் மறுக்குமாக வெட்டினாள். ஊரே பார்க்க என் வேலையை நாசமாக்கினாளே என்று இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

ஜனவரியில் பஸ் வந்தது. டவுன் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த நானும் ஏறினேன். ஊரே ரோட்டில் நின்றது. ராத்தாவை வீட்டில் மறுபடி பள்ளிக்கு அனுப்பவில்லை; அவள் மட்டும் வெளியே வரவில்லை. தான் கேட்டு வாங்கிய பஸ்ஸைப் பார்க்கக்கூட வராத இவளுக்கு என்ன திமிர் என்று, ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.