அரக்குப் புடவையில் கதிரேசன்

கதிரேசன் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருந்தார். தி.நகரில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டுக்கடை, இரண்டாம் மாடி, ஆளுயரக் கண்ணாடி. கடை இன்னும் திறக்கவில்லை. அவர் கையில் ஒரு நீல டை.

"நைனா, நீ படிச்ச புள்ளதானே? இத்த இன்னா பண்றதுன்னு சொல்லு. இஸ்தா தூக்கு மாட்டுது, வுட்டா அவுந்துக்குது."

எங்கள் ஊரில் முதன்முதலாக எம்.பி.ஏ. முடித்தவன் நான். பேருந்து நிறுத்தத்தில் என் படத்தோடு பேனர்கூட வைத்தார்கள். ஆனால் டை வேறு சங்கதி. நேர்முகத் தேர்வுக்காக ஹாஸ்டல் நண்பன் போட்டுக் கொடுத்த முடிச்சை நான் இதுவரை அவிழ்த்ததே இல்லை. ராத்திரி தளர்த்தித் தலைவழியாகக் கழற்றுவேன், காலையில் மாட்டுவேன். ஆகவே இருவரும் கைப்பேசியில் வீடியோ பார்த்து, முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் ஒரு டையைக் கட்டி முடித்தோம். அவர் அன்றுதான் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தார். நான் அதே மாடியில் பில்லிங் பொறுப்பு.

அதுவரை அவர் கடையின் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்த வீடுகளை அரசு அகற்றியபின் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனவர். பழைய சூப்பர்வைசர் திடீரென்று நின்றுவிட, முதலாளி சாய்நாத் இவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஆவணி முகூர்த்தம் முடியற வரைக்கும் பாப்போம். ஆளுங்க உன் பேச்சைக் கேட்டா இரு. இல்லேன்னா மறுபடி கிடங்கு."

கிடங்குக்குத் திரும்புவதில் அவருக்கு வருத்தமில்லை. பயமெல்லாம் மனைவி தாயம்மாவை நினைத்துத்தான். "எங்கூட்டுக்காரரு டை கட்டிக்கினு ஏசில வேலை செய்றாரு" என்று அந்த அம்மா குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

"எட்டாவது மாடி வரிக்கும் போய் சொல்லிக்கீது நைனா. லிப்ட் ரிப்பேரு. நடந்தே ஏறிப் போயி சொல்லிக்கீது. இப்ப நான் கெடங்குக்குப் போனா அது எத்தினி மாடி எறங்கணும் பாரு!"

மாடியில் ஒருவரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவி நிலா. சைதாப்பேட்டைப் பெண், எங்கள் கடையிலேயே அதிகம் விற்பவள். அவள் "சூப்பர்வைசர் சார்" என்று கூப்பிட்டால் ஒவ்வோர் எழுத்திலும் குண்டூசி இருக்கும்.

"சூப்பர்வைசர் சார், அது மூட்டை இல்ல, புடவை. முதுவுல போடாதீங்க."

அவர் என்னிடம் வந்தார். "உங்க புக்குல ஆளுங்கள வயிக்கு கொண்டாறது எப்பிடின்னு இன்னா போட்டுக்கீது?"

தலைமைப் பண்புகள் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். "சத்தம் போடாம, கொஞ்சம் தள்ளி நின்னு கவனிக்கணும்ணே" என்றேன்.

அப்படியே நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, படிக்கட்டு ஓரம். மதியத்துக்குள் பலர் அவரிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள். ஒரு பாட்டியம்மா, செக்யூரிட்டி என்று நினைத்து, ஈரக் குடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நிலா சிரித்த சிரிப்பில் புடவை அடுக்கு சரிந்தது.

இந்த நிலையில்தான் மயிலாப்பூரிலிருந்து சுப்புலக்ஷ்மி மாமி ஒரு வேன் நிறையச் சொந்தங்களோடு வந்து இறங்கினார்.

மாமியின் மகள் மாளவிகாவுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கட்டும் ஒன்பது கஜ அரக்குப் பட்டை அம்மாவும் பெண்ணும் போன வாரமே வந்து பார்த்து, கட்டிப் பார்த்து, எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்து வைத்த புடவையை வேறு கண்ணுக்குக் காட்டக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். ஆனால் முந்தின நாள் நங்கநல்லூர் அம்மா ஒருவர் எதுவும் பிடிக்காமல் எழுந்திருக்க, எழுந்து போகும் வாடிக்கையாளரைச் சகிக்க முடியாத நிலா, "சும்மா பாருங்க, இது வேற ஒருத்தவங்க எடுத்து வெச்சது" என்று அதைப் பிரித்துவிட்டாள். அப்படிச் சொன்னபிறகு தி.நகரில் எந்தப் பெண் அதை விட்டுவிட்டுப் போவாள்? புடவை நங்கநல்லூருக்குப் போய்விட்டது. கிடங்கில் இன்னொன்று இருக்கும் என்று நிலா நம்பியிருந்தாள். இல்லை.

"எடுத்து வெச்சத வித்துட்டேளா? யாரு வித்தது? இப்ப தெரிஞ்சாகணும். இல்லேன்னா எல்லாரையும் அழைச்சுண்டு நான் போயிண்டே இருப்பேன்!"

நிலாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் நடுவில் ஒரு நீல டை நுழைந்தது.

"நான்தாம்மா வித்தேன்."

"நீர் யாரு?"

"சூப்பர்வைசரு. புச்சு."

"டை கட்டிண்டா மட்டும் ஆச்சா?"

"அதுவும் ஒயுங்கா கட்டலம்மா. பாருங்க."

மாமி பார்த்தார். வந்த சிரிப்பை விழுங்கினார். கதிரேசன் அண்ணன் அதே அரக்கில் மயில் பார்டர் போட்ட வேறொரு புடவையை எடுத்து வைத்தார். மாமிக்குப் பிடித்தது, ஆனால் சந்தேகம். "என் பொண்ணு ஆறடி. கணுக்காலுக்கு மேல நின்னுட்டா மானம் போயிடும். அவளோ பெங்களூர்ல ஆபீஸ்ல உக்காந்துண்டிருக்கா. யாருக்குக் கட்டிப் பாக்கறது?"

எங்கள் விற்பனைப் பெண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தடியைத் தாண்டியவர் இல்லை.

"எனக்குக் கட்டுங்கம்மா," என்றார் அண்ணன். "நானும் ஆறடிதான்."

மாமி சொல்லச் சொல்ல நிலா கட்டினாள். பேன்ட் சட்டைக்கு மேல் மடிசார். "கச்சத்த நன்னா இழுத்துச் சொருகுடி!"

"அம்மா, மூச்சு வுட்டுக்கலாமா?"

"கல்யாணம் முடியட்டும். நேரா நில்லும்."

வீடியோ அழைப்பில் மாளவிகா வந்தாள். மீசை, நீல டை, மயில் பார்டர் எல்லாம் ஒன்றாகத் தெரிந்ததும் அவள் போட்ட கூச்சலில் அவள் அலுவலகமே திரைக்குள் எட்டிப் பார்த்தது. "அம்மா, இதேதான்! மாமா, கொஞ்சம் நடங்கோ! திரும்புங்கோ!" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு புதுப்பெண் நடை நடந்தார். கீழ் மாடிக் கூட்டமெல்லாம் மேலே ஏறி வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். ஒரு கல்யாணப் பெண், "அந்தண்ணன் கட்டிருக்கற மாதிரியே எனக்கும் ஒண்ணு" என்றாள். மாமி மட்டும் குனிந்து கணுக்காலைப் பார்த்து, "மூடறது" என்று சொல்லி நிமிர்ந்தார். வேனில் வந்த அத்தனை பேரும் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

கட்டிய புடவையை மடிக்கும்போது ஒரு முனை அவர் கையில், மறு முனை நிலா கையில்.

"வித்தது நான்தானே. ஏன் உங்க மேல போட்டுக்கினீங்க?"

"அத்தினி பேரு முன்னால நீ திட்டு வாங்கினா, நாளிக்கு புடவை பிரிக்கறப்ப கை நடுங்கும். எனக்கு இன்னா? நான் பிரிச்சா எப்பவும் கோணலாத்தான் வரும். தூக்கிப் புடி, தரைல படுது."

நிலா தன் முனையைத் தூக்கிப் பிடித்து மடித்தாள். பிறகு, "அண்ணே, டீ சொல்லட்டா?" என்றாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

டீ வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார். "எடுத்து வெச்ச புடவை போயிடுச்சாமே. யாரு பண்ணது?"

"என் மாடி சார். என்னியே கேளுங்க."

"அப்ப நீ கிடங்குக்கே..."

"சார், வித்தது நான்," என்றாள் நிலா.

மூத்த விற்பனையாளர் வலியுல்லா பாய் எழுந்தார். "மேல் தட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தது நான் சார்."

"பையில போட்டது நான்," என்றாள் பேக்கிங் ஜெயலக்ஷ்மி.

என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்தன. "பில் போட்டது நான் சார்."

படிக்கட்டிலிருந்து செக்யூரிட்டி ஜவஹரின் குரல் வந்தது: "அவங்களுக்குக் கதவு தொறந்து வுட்டது நாந்தான் சார்!"

சாய்நாத் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தோள் குலுங்குவதைப் பார்த்தபிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "ஒரு புடவைய விக்க இவ்ளோ பேரா? கதிரேசா, கிடங்குக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். நீ இங்கயே இருந்து தொலை."

அன்று அண்ணன் தாயம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இல்லாமலே அந்த அம்மாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கதிரேசன் அண்ணன் இப்போது அதே இரண்டாம் மாடியின் நிரந்தர சூப்பர்வைசர். பெரும்பாக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறார். டை முடிச்சை அவரும் அவிழ்ப்பதில்லை.